‘ஆயில் சேஞ்ச் - 1’ என்பது ஒரு பில்லா?

வண்டிக்கு ஆயில் மாற்றியபோது கொடுத்த பில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பல பில்களில் ‘ஆயில் சேஞ்ச் - 1’ என்று ஒரு வரி, பக்கத்தில் தொகை, அவ்வளவுதான் இருக்கும். எந்த கம்பெனி ஆயில், என்ன கிரேடு (ஆயில் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்), எந்தத் தரம், எத்தனை லிட்டர் என்று எழுதித் தருவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டயர் மாற்றினால் கண்ணால் பார்க்கலாம். ஆயிலை அப்படிப் பார்க்க முடியாது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினால் அளவும் நிறமும் தெரியும். உள்ளே இருப்பது 5டபிள்யூ-30 கிரேடா, 20டபிள்யூ-50 கிரேடா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. தப்பான ஆயிலின் கெடுதலும் அன்றே தெரியாது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு எஞ்சின் தேய்ந்து நிற்கும்போது, “வண்டி பழசாயிடுச்சு சார்” என்பார்கள். கையில் அந்த ஒற்றை வரி பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? வாரண்டி கேட்டுப் போனாலும் இதே கதைதான்.

கிரேடு மட்டும் எழுதினாலும் போதாது. ஆயிலுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் தர வரிசையில் எஸ்ஏ என்று ஒரு பழைய தரம் உண்டு. 1930க்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்கு அது ஆகாது என்று ஏபிஐயே சொல்கிறது. 2020இல் வந்த தரம் எஸ்பி. இரண்டுக்கும் டப்பாவில் ஒரே கிரேடு எண் இருக்கலாம். பைக்கில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடப்பதால் அதற்கென்றே ஜப்பானின் ஜாசோ அமைப்பு வகுத்த எம்ஏ தர ஆயில்தான் வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம்.

சீல் பிரித்து ஊற்றினால் டப்பாவையாவது படிக்கலாம். டிரம்மிலிருந்து குழாய் வழியாக ஊற்றும்போது நாம் படிக்க எதுவுமே இல்லை. அமெரிக்காவில் அளவை, தர நிர்ணயங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான நிஸ்டின் 130ஆம் கையேடு, இப்படி விற்கும் ஆயிலுக்கும் பிராண்டு, கிரேடு, ஏபிஐ தரம் மூன்றையும் ரசீதில் குறிப்பிடச் சொல்கிறது. அது மாநிலங்களுக்கான ஒரு முன்மாதிரி விதிதான். ஏற்றுக்கொண்ட மாநிலங்களில்தான் சட்டம். ஆனாலும் இது நடைமுறையில் முடியாத காரியம் இல்லை என்பதற்கு அது போதும்.

அப்புறம் அந்த ‘அடுத்த சர்வீஸ்’ ஸ்டிக்கர். மேனுவலில் 10,000 கிலோமீட்டர் என்று இருக்க, கடைக்காரர் 5,000 என்று எழுதி ஒட்டுகிறார். புழுதியிலும் குட்டிக் குட்டி தூரங்களிலும் ஓடும் வண்டிக்குச் சீக்கிரம் மாற்றச் சொல்வது நியாயம்தான். சரி, அந்தக் காரணத்தையும் மேனுவல் கணக்கையும் சேர்த்தே எழுதட்டும்.

இதையெல்லாம் எழுத நேரம் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்று தெரியாமல் மெக்கானிக் ஊற்றுவதில்லை. தெரிந்ததைத்தான் எழுதச் சொல்கிறோம். நல்ல ஆயில் ஊற்றுகிற கடைக்காரருக்கு இதில் ஒரு பைசா நஷ்டம் கிடையாது.