குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடாதீர்கள்

புரட்டாசி முடிய இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. ஐப்பசியின் முதல் ஞாயிற்றுக்கிழமை மீன் கடைகளில் எப்படிக் கூட்டம் நெரியும் என்பது வடசென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மாதம் வாயைக் கட்டியவர்கள் எல்லாரும் ஒரே காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதை ஒட்டித்தான் வடகிழக்குப் பருவமழையும் இறங்கும். அந்த மழைத் தண்ணீர் ஏரிக்குள் புகுந்தவுடன்தான் விரால் முட்டையிடும். பசி, மழை, முட்டை மூன்றும் ஒன்றாக வந்து சேரும் நேரம் இது. அதனால்தான் இன்றே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நான் கொளத்தூர்க்காரன். ரெட்டேரியில் நீச்சல் பழகி, புழல் ஏரிக் கரையில் தூண்டில் பிடித்து வளர்ந்தவன். மீன் பிடிக்கவே கூடாது என்று சொல்லும் பதிவு அல்ல இது. மீன் பிடிக்கிற ஒருவன் மீன் பிடிக்கிற மற்றவர்களுக்கு எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலிருந்து பத்தரை மணி வரை ரெட்டேரிக் கரையில் நின்றேன். என்னோடு சேர்த்து 11 தூண்டில்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து அகப்பட்டது ஒரே ஒரு விரால், அதுவும் ஒரு சாண் நீளம். பிடித்த பையன் அதையும் பையில் போட்டுக்கொண்டு போனான். மற்றபடி ஜிலேபிக் கெண்டை, ஜிலேபிக் கெண்டை, மறுபடியும் ஜிலேபிக் கெண்டை. 1990களில் இதே கரையில் என் நைனா இரண்டு மணி நேரம் நின்றால் முழங்கை நீளத்தில் ஒன்று, அதற்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு என்று கொண்டுவருவார். குறவையையும் கெளுத்தியையும் நாங்கள் கணக்கில்கூடச் சேர்த்ததில்லை.

விரால் எங்கே போனது என்று கரையில் யாரைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: சாக்கடை. சாக்கடை கலப்பது உண்மை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கும் ஆத்திரம் அடங்காது. ஆனால் விரால் குறைந்ததற்கு முழுப் பழியையும் சாக்கடையின் தலையில் கட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். நீரில் உயிர்வளி வற்றிப்போனாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். கட்லாவும் ரோகுவும் வயிறு மேலாக மிதக்கும் தண்ணீரில்கூட வளர்ந்த விரால் தாக்குப்பிடிக்கும். சந்தையில் தண்ணீர் கொஞ்சமாக இருக்கும் தொட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடைத்து வைத்தும் அது துள்ளிக்கொண்டிருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட மீன் ஒரு ஏரியில் அருகிப்போகிறது என்றால், அதைப் பிடிக்கும் விதத்திலும் பிடிக்கும் நேரத்திலும் ஏதோ பிசகு இருக்கிறது.

அந்தப் பிசகை நானும் செய்திருக்கிறேன். எப்போது நினைத்தாலும் நெஞ்சை உறுத்துவது அது.

எனக்கு அப்போது 12 வயது. ஐப்பசி மழை வெறித்த ஒரு பிற்பகல். கோரைப் புல் ஓரமாக, முழங்கால் அளவுத் தண்ணீரில், ஒரு தாம்பாள அகலத்துக்கு நீர் சிவந்து கிடந்தது. யாரோ குங்குமத்தைக் கரைத்து ஊற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் அத்தனையும் உயிர். அரிசியைவிடச் சற்றே நீளமான செம்மஞ்சள் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுழன்றன. சில நொடிகளுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். அப்போது தூறல் விழுந்ததுபோல நீர் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் குமிழ் வெடிக்கும். குஞ்சுகளுக்கு நேர் கீழே ஒரு கறுத்த நிழல் அசையாமல் நின்றது. கொஞ்சம் தள்ளிப் புல்லுக்குள் இன்னொன்று.

தவளையைக் கோத்த தூண்டிலை அந்தச் சிவப்பின் நடுவில் வீசினேன். இழுக்கக்கூட இல்லை. நிழல் எகிறி வந்து அடித்தது. என் கையிலிருந்த மூங்கில் கழி வில்லாக வளைந்தது.

ஓடி வந்த நைனா மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். "விடுடா, குஞ்சு இருக்கிறது பார்" என்றார். விட முடியவில்லை. முள் தொண்டைக்குள் இறங்கிவிட்டது, செவுளிலிருந்து இரத்தம். வீட்டுக்கு எடுத்துப் போனோம். அம்மா குழம்பு வைத்தார். நைனா அன்று மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் அதே இடத்துக்கு ஓடினேன். புல் இருந்தது. சிவப்பு இல்லை. ஜிலேபிக் கெண்டைகள்தான் அந்த இடத்தை மொய்த்துக்கொண்டிருந்தன. மற்றொரு விரால் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விராலின் குடும்ப வாழ்க்கை தெரிந்தால் நான் செய்தது என்ன என்பது புரியும். மழை பெய்து ஏரியின் ஓரங்களில் புதுத் தண்ணீர் ஏறியதும், ஆழம் குறைந்த இடத்தில் புல்லையும் கொடியையும் விலக்கி இரண்டும் ஒரு கூடு செய்யும். முட்டை மிதக்கும். ஓரிரு நாளில் பொரித்துவிடும். அதன்பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் தாயும் தகப்பனும் குஞ்சுகளை விட்டு நகராமல் காவல் நிற்கும். செம்மஞ்சள் நிறம் மங்கிக் குஞ்சுகள் பழுப்பாக மாறி, தாமாக இரை தேடிப் பிரியும்வரை இந்தக் காவல். அந்த நாட்களில் எது அருகில் வந்தாலும் பாய்ந்து அடிக்கும். தவளையைக் கண்டாலும் அடிக்கும், ரப்பர் தவளையைக் கண்டாலும் அடிக்கும், வெறும் ஈயக்குண்டைக் கண்டாலும் அடிக்கும். பசியால் கடிப்பதில்லை என்பதால் தூண்டில்காரனுக்கு இதைவிட எளிதான வேட்டை கிடையாது. இதைத் திறமை என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகள் லட்சக்கணக்கில் முட்டை வைப்பவை. ஆனால் ஓடாத ஏரித் தண்ணீரில் அவை இனம் பெருக்குவதில்லை. பண்ணையில் குஞ்சு பொரிக்கவைத்துக் கொண்டுவந்து விடுகிறார்கள்; அடுத்த முறையும் விட்டால்தான் உண்டு. விராலுக்கு அப்படி யாரும் குஞ்சு கொண்டுவந்து கொட்டுவதில்லை. முட்டையும் ஆயிரக்கணக்கில்தான். எண்ணிக்கையில் குறைந்ததைக் காவலால் ஈடுகட்டும் மீன் அது. காவலை எடுத்துவிட்டால் அந்த ஆண்டின் வித்தே அந்த இடத்தில் முடிந்தது. ஒரு மீனைப் பிடித்தோம் என்று நினைக்கிறோம். பையில் போவது ஒரு தலைமுறை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பாஸ் என்றொரு நன்னீர் மீன் உண்டு. தூண்டில்காரர்கள் அதன் பின்னால் அலைவதைப் பார்த்தால் நம் ஊர் விரால் பைத்தியம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அதில் ஆண் மீன்தான் கூட்டைக் காக்கும். கூட்டிலிருந்து அந்த ஆணைத் தூண்டிலில் தூக்கிய சில நிமிடங்களுக்குள் சிறுமீன்கள் நுழைந்து முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுவதை அங்கே ஆய்வாளர்கள் நீருக்குள் இறங்கிப் பார்த்தே பதிவு செய்திருக்கிறார்கள். பிடித்த மீனை உடனே திரும்ப விட்டால்கூட, அது களைத்துக் கூட்டுக்குத் திரும்புவதற்குள் ஒரு பகுதி போயிருக்கக்கூடும். அதனால்தான் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தென்பகுதி ஏரிகள் பலவற்றில் வசந்தகாலத்தில் பாஸ் பிடிக்க விடுவதில்லை. ஜூன் மாதத்தில்தான் திறக்கிறார்கள். படம் எடுத்துவிட்டு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேன், நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று சொல்லும் நம் ஊர் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குஞ்சுக்காரியை ஐந்து நிமிடம் கரையில் வைத்திருந்தாலே போதும்.

வெளிநாட்டுக்குப் போவானேன்? ரெட்டேரியிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் காசிமேடு. அங்கே ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. வருமானம் இல்லாமல், கடன் வாங்கிக்கொண்டு, கடலில் மீன் பெருகட்டும் என்று அத்தனை குடும்பங்கள் அந்த 61 நாளைத் தாங்குகின்றன. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் தூக்கும் நாம் ஏரிக்கரையில் அப்படி ஒரு தடைக்காலத்தை, ஒரு வாரமாவது, கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

தங்கூஸ் வலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவில் வந்து கோரைப்புல் ஓரமாகக் கட்டிவிட்டு விடியற்காலையில் வந்து எடுக்கிறார்கள். தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாத நரம்பு. விரல் நுழையாத கண்ணி. விரால் குட்டி, ஆரால், தண்ணீர்ப் பாம்பு, ஆமை என்று எது வந்தாலும் மாட்டும். காற்று குடிக்க மேலே வர முடியாமல் வலையிலேயே விரால் மூச்சு முட்டிச் சாகும். சில வலைகளை எடுக்க யாரும் வருவதே இல்லை. போன பங்குனியில் அப்படி ஒன்றை இழுத்துப் போட்டேன். அதில் எலும்பாகிப் போன மீன்களும் இருந்தன, அன்று காலை மாட்டியவையும் இருந்தன. இதைச் செய்வது பரம்பரையாக வீச்சு வலை போட்டுப் பிழைப்பவர்கள் அல்ல. புழல் கரையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், சினை மீன் வலையில் ஏறினால் தடவிப் பார்த்துத் தண்ணீரில் விட்டுவிடுவார். "நாளைக்கும் நான் இங்கேதானே வரவேண்டும், தம்பி" என்பார். ஏரி வற்றினால் முதலில் வயிறு காய்வது அவருக்குத்தான்.

வற்றுவது என்றதும் 2019 நினைவுக்கு வருகிறது. 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் புழல் ஏரியே அந்தக் கோடையில் குட்டைகளாகச் சுருங்கிப்போனது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய நமக்கு அப்போது மீனைப் பற்றி நினைக்க நேரமில்லை. அந்தக் குட்டைகளில் ஒடுங்கியிருந்த விரால்கள்தான் அடுத்த மழைக்கு வித்து. அவற்றையும் சேற்றைத் துழாவி வழித்து எடுத்தார்கள். பிறகு மழை வந்தது, ஏரி நிரம்பியது. ஆனால் முட்டையிட வேண்டிய மீன் எத்தனை மிஞ்சியிருந்தது? காலியான இடத்தை ஜிலேபிக் கெண்டை பிடித்துக்கொண்டது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. இன்று நம் ஏரிகள் அதன் வீடாகவே ஆகிவிட்டன. போதாததற்கு, தொட்டியில் வளர்க்க வாங்கிய டேங்க் கிளீனர் மீன் பெரிதாகிவிட்டால் கொண்டுவந்து ஏரியில் விட்டுவிட்டுப் புண்ணியம் செய்ததாக நினைக்கிறார்கள். வண்ண மீனுக்குப் பெயர்போன கொளத்தூரில் இருந்துகொண்டு கேட்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முள் கவசம் போட்ட அந்த மீனைக் கொக்கும் தின்னாது, மனிதனும் தின்னமாட்டான்.

ஏரியைச் சீரமைக்கிறோம் என்று வருபவர்களிடமும் ஒரு முறையீடு உண்டு. தூர் வார வேண்டும், ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான்கு பக்கமும் கரையைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போட்டு முடித்தால் விரால் எங்கே கூடு கட்டும்? அதற்கு வேண்டியது முழங்கால் ஆழத் தண்ணீரும் கோரையும் சம்பும்தான். பார்ப்பதற்குப் புதர் மண்டிய இடம்போல இருக்கும். ஏரியின் பிரசவ அறையே அதுதான். ஒரு பக்கத்தையாவது அப்படியே விட்டுவைக்கலாம். கெண்டைக் குஞ்சு விடும் வேளையில் கொஞ்சம் விரால் குஞ்சும் சேர்த்து விடலாம். விரால் வளர்ப்பு இன்று தெரியாத வித்தை அல்ல. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது.

இவை எல்லாம் நடக்கக் காலம் ஆகும். நம் கையில் இருப்பது இந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. இந்த மூன்று மாதமும் நான் ஏரியில் விராலுக்குத் தூண்டில் போடப் போவதில்லை. எட்டு ஆண்டுகளாகப் போடுவதில்லை. ரெட்டேரி, புழல், கொரட்டூர், சோழவரம் என்று எந்தக் கரைக்குப் போனாலும் நீங்களும் அப்படி இருந்து பாருங்கள். அது முடியாவிட்டால், தண்ணீர் சிவந்திருக்கும் இடத்தைவிட்டு மட்டுமாவது விலகிப்போங்கள். முழங்கை நீளம் எட்டாத விரால் எந்த மாதத்தில் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத மீனாக அது இருக்கக்கூடும். கடையில் ஏரி விரால் என்று உயிரோடு காட்டினால் வயிற்றைப் பாருங்கள். சினையாக இருந்தால் வாங்காதீர்கள். மார்கழி கழிந்து தை பிறந்த பிறகு குழம்பு வையுங்கள், எனக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தை எங்கேயாவது பார்த்தால் படம் எடுங்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் எந்த ஏரி, எந்தப் பக்கம் என்று இங்கே எழுதாதீர்கள். போன கார்த்திகையில் சூரப்பட்டுப் பக்கம் ஒரு கூட்டத்தைப் பார்த்து மகிழ்ச்சியில் இடத்தைச் சொல்லிப் பதிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் போனபோது கரையில் ஆறு தூண்டில்கள் இருந்தன.