கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டது

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாக இறங்கிவிட்டால் போதும், எங்கள் கரிசல் காட்டில் அதலைக்காய்க் கொடி தலைகாட்டிவிடும். யாரும் விதை போடுவதில்லை. கோடை முழுக்கக் கிழங்கு மண்ணுக்கடியில் செத்தது போலக் கிடக்கும். ஈரம் பட்டதும் முளைத்து, சோளத்துக்கும் பருத்திக்கும் நடுவே படர்ந்து, கார்த்திகை மார்கழியில் காய்த்துத் தள்ளும். பாகற்காய்க்குப் பங்காளி. ஆனால் காய் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. காம்பையும் மூக்கையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயம் தாராளமாகப் போட்டு நல்லெண்ணெயில் சுருள வதக்கினால், அந்தக் கசப்புக்காகவே இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் பக்கத்துக்காரர்கள் மன்னிக்கவும். உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் டவுனிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அடுப்பில் அதலைக்காய் வதங்கிக்கொண்டிருந்தது. அம்மாச்சி சட்டியை அப்படியே இறக்கி, ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினார். "ஓடிப்போய் அரைக்கிலோ உருளைக்கிழங்கு வாங்கிட்டு வா"ன்னு என் கையில் காசைத் திணித்தார். வந்தவர் உருளைக்கிழங்கு சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு நாங்கள் ஆட்டுக்கல் பக்கம் போனோம்.

பின்னால் சிறுபாணாற்றுப்படை படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. பாணன் வீட்டில் வறுமை. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்புகூட இல்லாமல் வேகவைக்கிறார்கள். பார்ப்பவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று வாசல் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சாப்பிடுகிறார்கள். அம்மாச்சிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் கதவு அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சங்கப் பாடல்களிலேயே இதற்கு நேர் எதிரான குரலும் உண்டு. மூவேந்தர்கள் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களைப் பார்த்துச் சொல்கிறார்: இந்த மலையில் உழவர் உழாமலே நான்கு விளையும். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். சோற்றுக்கு வழியில்லாமல் பாரி பணிந்துவிடுவான் என்று நினைக்காதீர்கள் என்கிறார். யாரும் விதைக்காத சாப்பாடு அங்கே அவமானமில்லை, திமிர். நமக்கு வந்து சேர்ந்தது என்னவோ பாணன் வீட்டுக் கதவுதான்.

காட்டு உணவு என்றவுடன் 'பஞ்சம் பிழைக்கத் தின்றது' என்று முடித்துவிடுகிறோம். பசிக்குத் தின்றார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் கம்பும் பருப்பும் குறைவில்லாத வருஷத்திலும் அம்மாச்சி அதலைக்காய் பறிக்கப் போனார். மிதுக்கங்காயை உப்பு மோரில் ஊறப்போட்டு வத்தல் போட்டார். களையெடுக்கப் போன பெண்கள் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை என்று கைக்கு அகப்பட்ட நாலைந்தை மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். காலையில் களை, சாயங்காலம் கீரை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கடைந்தால் வருகிற ருசி, கடையில் வாங்குகிற ஒற்றைக் கட்டுக் கீரைக்கு எந்த ஜென்மத்திலும் வராது. ருசிக்காகத்தான் சாப்பிட்டார்கள் என்று ஏன் யாருமே சொல்வதில்லை?

அதற்குள் இருக்கிற வித்தையும் லேசுப்பட்டதில்லை. பிரண்டையை அப்படியே அரைத்துத் தின்றால் நாக்கும் தொண்டையும் அரித்துப் பிடுங்கும். அதில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, இளசாகப் பார்த்து எடுத்து, கணுவை நீக்கி நார் உரித்து, நன்றாக வதக்கி, புளி வைத்து அரைத்தால்தான் துவையல். இதைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ. ஒன்று சொல்லிவிடுகிறேன், யூடியூப் பார்த்துவிட்டுக் கிழங்கு தோண்டப் போகாதீர்கள். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அதைத் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். மலைப் பழங்குடிகளான பளியரும் கானிக்காரரும் இலையையும் கொடியையும் பார்த்தே பிரித்துச் சொல்வார்கள் என்றால், அது சின்ன வயதிலிருந்து பெரியவர்கள் கூடவே நடந்து கற்றது.

சரி, இப்போது அவமானம் போய்விட்டதா? போய்விட்டது, ஆனால் வேறு மாதிரி. முடக்கத்தான் பொடி, தூதுவளைப் பொடி என்று பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதலைக்காய் என்றால் "சுகருக்கு நல்லதாமே?" என்று கேட்கிறார்கள். முன்பு ஏழை தின்பது, இப்போது நோயாளி தின்பது. இரண்டிலும் அது சாப்பாடு என்று ஒத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. நல்லதாகவே இருக்கட்டும், எனக்கென்ன. சட்டியில் வதங்குகிற வாசனைக்கு வராதவன் பொடியை விழுங்கி என்ன கண்டான்?

ஊரில் நிலைமை வேறு. மானாவாரியில் சோளம், கம்பு போய் மக்காச்சோளம் வந்துவிட்டது. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கூலியும் கட்டுப்படியாகவில்லை என்று களைக்கொல்லி அடிக்கிறார்கள். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் சென்னையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த மருந்துக்குத் தொய்யக்கீரை தெரியாது. மடியில் கட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் வரப்போரம் வெறுமனே கருகிக் கிடக்கிறது. மலையில் கிழங்கும் தேனும் எடுக்க 2006 வன உரிமைச் சட்டத்தில் பழங்குடிகளுக்கு உரிமை எழுதி வைத்திருக்கிறார்கள். வரப்புக் கீரைக்கு அப்படி எழுத்து எதுவும் கிடையாது. அது களையெடுக்கிறவளின் மடிக்குப் போகும் என்பது வெறும் வழக்கம்தான்.

போன மார்கழியில் அம்மா ராத்திரி பஸ்ஸில் ஒரு பை அதலைக்காய் கொடுத்துவிட்டிருந்தார். அது பறித்து ஒரு நாள் தாண்டினாலே வெடிக்க ஆரம்பித்துவிடும். காலையில் பையைப் பிரித்தால் பாதிக்கு மேல் வாயைப் பிளந்து கிடந்தது. வெடிக்காததாகப் பொறுக்கி வதக்கினேன், ஒரு கிண்ணம்தான் தேறியது. மகள் ஒன்றை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, துப்பிவிட்டாள். மிச்சத்தை நான் ஒருத்தனே சாப்பிட்டேன். மேல்வீட்டுக்காரர் ஏதோ கேட்க வந்து வாசலில் நின்று, "என்ன சார் வாசனை?" என்றார். உள்ளே வரச் சொல்லியிருக்கலாம். கிண்ணத்தில் நாலு காய்தான் இருந்தது, சொல்லவில்லை.