வீட்டுப் படம் கீறினா அதில அரசியல் எங்க எண்டு கேக்கிறவைக்கு

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன்ர வேலைகளைப் பற்றிக் கதை வந்தா யாராவது ஒராள் கட்டாயம் கேப்பினம், இவ்வளவு சாவு நடந்த மண், இவ்வளவு பேர் காணாமல் போயிட்டினம், இந்த மனுசன் வீட்டுப் படமும் போத்தலும் அட்டைப்பெட்டியும் வச்சுக்கொண்டு நிக்கிறார், ரத்தம் இல்ல, துவக்கு இல்ல, இதில அரசியல் எங்க எண்டு. எனக்கு இந்தக் கேள்வியில துளியும் உடன்பாடு இல்ல. அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும் எண்டு கனநாளா யோசிச்சுக்கொண்டிருந்தனான்.

அவற்ற 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' (முடியாத காணிப் பதிவேடு) 2011இல ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. புத்தகம்தான், ஆனா கச்சேரி (அரச அலுவலகம்) மேசையில கிடக்கிற காணி ஃபைல் ஒண்டைப் பார்க்கிற மாதிரித்தான் இருக்கும். செய்தது இதுதான். வடக்கில இடம்பெயர்ந்த ஆக்களிட்டப் போய், நீங்கள் விட்டிட்டு வந்த வீட்டை ஞாபகத்தில இருந்து கீறித் தாங்கோ எண்டு கேட்டிருக்கிறார். அவை தங்கட கையால கீறின படம் ஒண்டு. அதைக் கட்டடக்கலைஞர் ட்ரேசிங் பேப்பரில நேர்கோடு போட்டுத் திருப்பிக் கீறினது ஒண்டு. பிறகு அந்த வீட்டின்ர கதையைக் கேட்டுச் சனாதனன் பாஸ்டலில கீறினது இன்னொண்டு. ஒரு வீடு மூண்டு தரம் வருது.

இந்த மூண்டுக்கும் இடையில நடக்கிறதுதான் எனக்குப் பெரிய விசயமாத் தெரியுது. ஞாபகத்தில இருந்து கீறேக்க ஆருக்கும் அளவு சரியா வராது, தான் படுத்தெழும்பின அறை பெருக்கும், அவ்வளவா புழங்காத பக்கம் சுருங்கும், கிணத்தடியும் படலையும் எங்க இருந்தது எண்டதை அச்சொட்டாச் சொல்லுற ஆளுக்கு யன்னல் எத்தனை எண்டு வராது. அந்தக் கோணல் தான் அந்த ஆள் அங்க வாழ்ந்ததுக்குச் சாட்சி. கட்டடக்கலைஞரின்ர கோடு அதை நேராக்கி, அரசாங்கத்துக்கு விளங்கிற மொழிக்குக் கொண்டுபோகுது. நேராக்கேக்க என்ன விழுந்துபோச்சோ, அதைத் தேடிக்கொண்டு பாஸ்டல் படம் திரும்பி வருது. உதைப் பார்த்திட்டு அரசியல் இல்ல எண்டு சொல்ல எனக்கு ஏலாது.

தோம்பு எண்டது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. பிடிச்சவன் ஆளுறதுக்கும் வரி எடுக்கிறதுக்கும் எழுதி வச்சது. அந்த வடிவத்தை எடுத்து, எழுதுற பேனையைக் காணியை இழந்த சனத்தின்ர கையில குடுத்திருக்கிறார் எண்டுதான் நான் விளங்கிக்கொள்ளுறன். எங்கட இடத்தில காணி எண்டுறது வெறும் பாசமோ ஏக்கமோ இல்ல, அது உறுதி எண்டுற காணிப் பத்திரம், நில அளவைப் படம், கையெழுத்து, சாட்சி. ஓடேக்க உறுதியைத் துணியில சுத்தி இடுப்பில கட்டிக்கொண்டு ஓடின சனமும் இருக்கு, எடுக்க நேரமில்லாமல் விட்டிட்டு ஓடின சனமும் இருக்கு. ஒருத்தரின்ர காணியில இன்னொருத்தர் 10 வருசம் தடையில்லாமல் இருந்தா ஆட்சியுரிமை கோரலாம் எண்டது எங்கட சட்டம். போரால வெளியேறினவையை இதில இருந்து காப்பாத்துறதுக்கு ஒரு விசேட சட்டம் 2016இல தான் வந்தது, போர் முடிஞ்சு 7 வருசத்துக்குப் பிறகு.

யாழ்ப்பாணத்தில வலிகாமம் வடக்கை எடுங்கோ. 1990இல வெளியேறின சனம், 2013இல அந்தக் காணியில 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போறம் எண்டு அரசாங்கம் நோட்டீஸ் ஒட்டினது. பிறகு 2025 மார்ச் 28 வந்த வர்த்தமானி, வடக்கில 5,940 ஏக்கர், 3 மாசத்துக்குள்ள உரிமையைக் காட்டாட்டி அரச காணி. கடும் எதிர்ப்புக்குப் பிறகுதான் அரசாங்கம் அதைத் திருப்பி எடுத்தது. வெளிநாட்டில இருக்கிறவன், செத்துப்போனவன், உறுதி எரிஞ்சவன் எல்லாரும் 3 மாசத்தில எதைக் கொண்டுவந்து காட்டுறது? இதை வாசிச்சபோது எனக்கு நேரா ஞாபகம் வந்தது அந்தப் புத்தகம்தான். கோர்ட்டில அந்தப் படங்கள் செல்லாது, எனக்குத் தெரியும். ஆனா இந்த இடத்தில இப்பிடியொரு வீடு இருந்தது, இன்ன அறையில இன்ன ஆக்கள் இருந்தவை எண்டு சொல்லுற பத்திரம் வேற எங்க இருக்கு?

இன்னொண்டும் சொல்லவேணும், இது சிலருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வருசமும் ஒக்டோபர் 30 வந்தா எங்கட ஆக்கள் 1995 இடப்பெயர்வைப் பற்றி எழுதுவினம், ஒரே இரவில யாழ்ப்பாணம் வெறிச்சுப்போனதை, செம்மணியால நாவற்குழிப் பக்கம் மழைக்குள்ள சனம் ஊர்ந்து போனதை. எழுதத்தான் வேணும். அதே ஒக்டோபர் 30, 5 வருசத்துக்கு முதல், 1990இல யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தைப் புலிகள் 2 மணித்தியாலத்தில வெளிய போகச் சொன்னவை. அந்த வீடுகளும் எங்கட தெருவில இருந்த வீடுகள்தான். வீட்டில இருந்து கதையைத் தொடங்கினா இதை ஒளிக்க ஏலாது, கொடியில இருந்து தொடங்கினா லேசா ஒளிக்கலாம். வீட்டுப் படம் கீறுறது மென்மையான வேலை எண்டு நினைக்கிறவை இதைக் கொஞ்சம் யோசிக்கவேணும்.

அவற்ற மற்ற வேலைகளிலயும் இதே பிடிவாதம் இருக்கு. 2004இல யாழ் நூலகத்தில 'ஹிஸ்டரி ஒவ் ஹிஸ்டரிஸ்', யாழ்ப்பாணத்து வீடுகளில இருந்து சேர்த்த பொருட்கள். 1981இல கிட்டத்தட்ட 97,000 புத்தகம் எரிஞ்ச கட்டடத்துக்குள்ள சாதாரண சனத்தின்ர சாமானைக் கொண்டுவந்து வைக்கிறது எண்டா என்ன எண்டு நான் சொல்லித்தான் தெரியவேணுமெண்டில்ல. 2016இல கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில 'கபினெட் ஒவ் ரெசிஸ்டன்ஸ்', பழைய நூலகங்களில கார்ட் அடுக்கி வைக்கிற இழுப்பறைப் பெட்டி, அதுக்குள்ள போர்க்காலத்தில சனம் சமாளிச்ச கதைகள். வடக்குக்குச் சாமான் வரவிடாத பொருளாதாரத் தடை காலத்தில இருந்தவைக்கு இது உடன விளங்கும். ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது, சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில உடுப்புத் தோய்ச்சது. அதையெல்லாம் கஷ்டம் எண்டு மட்டும்தான் நாங்கள் பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டு வாறம். அந்த மனுசன் அதை எதிர்ப்பு எண்டு பெயர் வச்சு அட்டவணை போடுறார். எனக்கு அது சரியாப் படுது.

அவர் யாழ் பல்கலைக்கழகத்தில கலை வரலாறு படிப்பிக்கிறவர், டில்லியில படிச்சிட்டு இங்க திரும்பி வந்தவர். இங்க இருந்துகொண்டே இதைச் செய்யிறதை நான் பெரிசா மதிக்கிறன்.

எனக்கு இருக்கிற ஒரே ஆதங்கம், வெளிநாட்டு மியூசியங்களில இருக்கிறவைக்குத் தெரிஞ்ச அளவுக்கு எங்கட பள்ளிக்கூடங்களில இதைத் தெரியாது. ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) சித்திரம் எடுக்கிற பிள்ளை சீகிரியா ஓவியத்தைப் பாடமாக்குது, நல்லம், படிக்கத்தான் வேணும், ஆனா தன்ர அம்மம்மா ஓடின வீட்டைக் கீறுறதும் சித்திரக்கலை எண்டு அந்தப் பிள்ளைக்கு ஆரும் சொல்லுறதில்ல. தெல்லிப்பழையிலயோ முல்லைத்தீவிலயோ ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில அந்தப் பக்கங்களைப் பெரிசாக்கித் தொங்கவிடலாம், பக்கத்தில வெள்ளைத்தாளும் பென்சிலும் வச்சு, வாற சனத்தைக் கீறச் சொல்லலாம். கிழக்கிலயும், புத்தளத்தில இருக்கிற வடக்கு முஸ்லிம் சனத்திட்டயும் இதைக் கொண்டுபோகலாம். சித்திர ரீச்சர்மார் ஆராவது இதை வாசிச்சா, ஒழுங்குபடுத்த நான் வாறன், இன்பொக்ஸில எழுதுங்கோ. 1990இல ஓடேக்க 40 வயசில இருந்த ஆக்களுக்கு இப்ப 75 தாண்டீட்டுது, அடுத்த வருசம் பார்ப்பம் எண்டு விடேலாது.