தலை திரும்பும் பக்கமெல்லாம்

கோயம்புத்தூரில் வடவள்ளிப் பக்கம் ஒரு வீடு. ஏப்ரல் மாதம், இரவு எட்டரை மணி. கோடை மழை பத்து நிமிடம் பெய்தது. மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகிறது. (இந்த விகிதம் எந்த ஊரிலும் மாறுவதில்லை.) இன்வெர்ட்டர் பேட்டரி போன வருடமே உயிரை விட்டுவிட்டது. பூங்கொடி கணக்கு ஆசிரியை. அவர் முன்னால் ஏழாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு விடைத்தாள்கள், மொத்தம் 42. தோளுக்குப் பின்னால் கணவர் கதிர்வேல். அவர் நெற்றியில் ஒரு விளக்கு.

கதிர்வேல்: இதற்குத்தான் சொன்னேன். செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாராவது பேப்பர் திருத்துவார்களா? தலையில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

பூங்கொடி: உங்களுக்கு எப்போதும் இரண்டு கையும் சும்மாதானே இருக்கிறது.

கதிர்வேல்: எத்தனையாவது பேப்பர்?

பூங்கொடி: ஒன்பது. ஐயோ, முகத்தைப் பார்த்துப் பேசாதீர்கள். கண் கூசுகிறது.

கதிர்வேல்: நான் முகம் பார்த்துப் பேசுவதே இல்லை என்று போன வாரம் நீதானே குறை சொன்னாய்?

பூங்கொடி: போன வாரம் உங்கள் நெற்றியில் 90,000 லுமென் வெளிச்சம் இல்லை. கீழே பாருங்கள். அப்படித்தான். கல்யாணமாகி 19 வருடத்தில் இன்றைக்குத்தான் தலை குனிந்து பேசுகிறீர்கள்.

கதிர்வேல்: சரி, சரி.

பூங்கொடி: தலையாட்டாதீர்கள்! வெளிச்சம் ஊஞ்சலாடுகிறது. இந்தப் பையன் எழுதியிருப்பது 37ஆ, 87ஆ?

கதிர்வேல்: நீ பேசினால் தலை தானாக ஆடும். பழக்கம்.

பூங்கொடி: இப்போது எங்கே போனீர்கள்? பேப்பர் இருட்டாகிவிட்டது.

கதிர்வேல்: இங்கேதான் நிற்கிறேன். பேப்பரைத்தான் பார்க்கிறேன்.

பூங்கொடி: வெளிச்சம் முறுக்கு டப்பாமேல் இருக்கிறது.

கதிர்வேல்: ...

பூங்கொடி: தலை எங்கே போகிறதோ வெளிச்சமும் அங்கே போகிறது. நல்ல விளக்குதான். (90,000 லுமென் என்று போட்டிருக்கும் அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்க்கிறார்) இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

கதிர்வேல்: 399. பஸ் ஸ்டாண்ட் நடைபாதையில். 750 சொன்னான், நான் விடவில்லை.

பூங்கொடி: நம் ஹாலில் 9 வாட் பல்பு இருக்கிறதே, அது தருகிற வெளிச்சம் ஏறக்குறைய 900 லுமென். அப்படியானால் உங்கள் நெற்றியில் நூறு பல்பு. நூறு பல்புக்கு 900 வாட் வேண்டும். இதற்குள் இருக்கிற செல் என்ன கொள்ளும்?

கதிர்வேல்: 18,650.

பூங்கொடி: என்ன 18,650?

கதிர்வேல்: மில்லி ஆம்பியர்-மணி. செல் மேலேயே போட்டிருக்கிறது.

பூங்கொடி: ஏனுங்க, அது செல்லின் அளவு. 18 மில்லிமீட்டர் குறுக்கே, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவம் என்பதற்கு. பின்கோடைப் பார்த்துவிட்டு நம் தெருவில் ஆறு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்பீர்களா?

கதிர்வேல்: அப்போது பக்கத்தில் 9,900 என்று போட்டிருக்கிறதே?

பூங்கொடி: அதுதான் மில்லி ஆம்பியர்-மணி, ஆனால் கதை. இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிக்காரர்களே 3,500 பக்கம்தான் போடுகிறார்கள். அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பிள்ளைகள் பவர் பேங்க் செய்தபோது பார்த்தேன். உங்கள் நடைபாதை செல்லுக்கு, போனால் போகிறது, 2,500 என்று வைப்போம். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஒன்பதேகால் வாட்-மணி. 900 வாட்டால் வகுத்தால்... (விடைத்தாளின் ஓரத்தில் போட்டுப் பார்க்கிறார்) 37 விநாடி. அவன் சொன்ன 90,000 உண்மையாக இருந்திருந்தால் 37 விநாடியில் செல் காலி. உங்கள் நெற்றி என்ன ஆகியிருக்கும் என்பது அறிவியல் டீச்சர் பாடம்.

கதிர்வேல்: நல்லவேளை, ஏமாற்றிவிட்டான்.

(ஜன்னல் வழியாக ஈசல்கள் வருகின்றன. முதலில் நான்கு. பிறகு எண்ண முடியவில்லை. எல்லாம் நேராகக் கதிர்வேலின் நெற்றிக்கு.)

கதிர்வேல்: தூ! தூ! வாய்க்குள் போகிறது!

பூங்கொடி: எங்கள் ஆத்தா இருந்தால் வறுத்தே கொடுத்திருப்பார்.

கதிர்வேல்: இரு, இதில் சிவப்பு வெளிச்சம் இருக்கிறது. வெள்ளைக்கு வருகிற அளவு பூச்சி சிவப்புக்கு வராது. (பட்டனை அமுக்குகிறார். அறை சிவப்பாகிறது.) கண்ணுக்கும் இதுதான் நல்லது. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை பட்டால் அவ்வளவும் போச்சு. மங்கலான சிவப்பில் அது அவ்வளவாகக் கெடாது. நட்சத்திரம் பார்ப்பவர்கள் எல்லாம் சிவப்பு டார்ச்தான் வைத்திருப்பார்கள்.

பூங்கொடி: ஏனுங்க.

கதிர்வேல்: சொல்.

பூங்கொடி: என் மார்க்கெல்லாம் எங்கே?

கதிர்வேல்: என்ன மார்க்?

பூங்கொடி: ஒன்பது பேப்பரில் போட்ட மார்க். ஒன்றையும் காணோம்! டிக் இல்லை, வட்டம் இல்லை, 'கவனமாகப் படி' இல்லை!

கதிர்வேல்: பதறாதே. நீ எழுதியது சிவப்பு மை. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் சிவப்பாகத்தான் தெரியும், மையும் அதோடு கலந்துவிடும். இதோ, வெள்ளைக்கு மாற்றுகிறேன். வந்துவிட்டதா?

பூங்கொடி: வந்தது, ஈசலும் வந்தது. ஜன்னலைச் சாத்துங்கள்.

(சாத்துகிறார். புழுக்கம். நெற்றிப் பட்டை வேர்வையில் ஊறுகிறது. கதிர்வேல் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.)

கதிர்வேல்: இப்போது உனக்கே தெரிகிறது. இந்த வீட்டுக்கு உருப்படியாக ஒரு ஹெட்லேம்ப் வேண்டும். எனக்காகச் சொல்லவில்லை.

பூங்கொடி: பின்னே யாருக்காக?

கதிர்வேல்: வெள்ளியங்கிரி ஆண்டவருக்காக. மே மாதம் தாண்டினால் ஏறவிட மாட்டார்கள். ஏழு மலையும் ராத்திரியில்தான் ஏற வேண்டும், விடியலில் உச்சியில் நிற்க வேண்டும். ஒரு கையில் மூங்கில் தடி. வழுக்குப்பாறையில் இன்னொரு கையும் வேண்டும். போன தடவை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏறினேன். முன்னால் போகிறவர்கள் 'ஓம் நமசிவாய' என்றால் பதில் சொல்ல முடியவில்லை. மீறி ஒரு தடவை சொன்னேன். டார்ச் பள்ளத்துக்குப் போய்விட்டது.

பூங்கொடி: ஆண்டவர் கேட்டிருப்பார்.

கதிர்வேல்: அப்புறம் மில்லில் எல்லோரும் ஏற்காட்டில் கூடாரம் போடலாம் என்கிறார்கள். கூடாரத்துக்குள் தண்ணீர் பாட்டிலில் பட்டையைச் சுற்றி, வெளிச்சம் உள்பக்கம் பார்க்கிறமாதிரி வைத்தால் பாட்டில் முழுக்க ஒளிரும். தனியாக லாந்தர் வாங்க வேண்டாம்.

பூங்கொடி: எங்கே, இப்போது வையுங்கள் பார்ப்போம்.

(கழற்றி, மேஜைமேல் இருந்த பாட்டிலில் மாட்டுகிறார். மேஜை முழுக்க மஞ்சள் வெளிச்சம்.)

பூங்கொடி: பரவாயில்லையே! ஏன் தங்கமாக இருக்கிறது?

கதிர்வேல்: சீரகத் தண்ணீர்.

(இரண்டு பேப்பர் அந்த வெளிச்சத்திலேயே திருத்தப்படுகின்றன. பூங்கொடிக்குத் தாகம். பாட்டில் காலியாகிறது. விளக்கு மறுபடி கதிர்வேலின் நெற்றிக்கு வருகிறது.)

பூங்கொடி: எனக்கும்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சிலிண்டர் மாற்ற, சம்ப்புக்குள் எட்டிப் பார்க்க, கட்டிலுக்கு அடியில் கம்மல் தேட. ஆனால் இந்த மாதிரி வேண்டாம். காசு அளவுக்கு வட்டம் விழுகிறது, அதற்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒரு கணக்கை மூன்று தடவையாகப் படிக்கிறேன்.

கதிர்வேல்: சரியாகச் சொன்னாய்! இது ஜூம். தூரத்தில் யானை நிற்கிறதா என்று பார்க்கத்தான் ஆகும். கைவேலைக்கு வெளிச்சம் அகலமாகப் பரவ வேண்டும். லுமென் நிறைய வேண்டாம். குறைத்தால் எவ்வளவு குறைகிறது என்று பார். 5, 10 லுமென் போதும், பக்கத்தில் இருப்பதைப் படிக்க. மலைப் பாதைக்கு 200, 300. அவ்வளவுதான்.

பூங்கொடி: நூறு மணி நேரம் எரியும் என்றெல்லாம் போடுகிறார்களே?

கதிர்வேல்: அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 2009இல் அமெரிக்காவில் எஃப்எல்1 என்று ஒரு அளவுமுறை கொண்டுவந்தார்கள். அதன்படி, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் எரிகிறது என்றுதான் கணக்கு.

பூங்கொடி: உங்கள் தம்பி கடன் திருப்பித் தருவது மாதிரி. பத்தில் ஒரு பங்கு வந்தாலும் 'கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறேன்' என்பார். சரி, 100 மீட்டர் அடிக்கும் என்றால்?

கதிர்வேல்: 100 மீட்டர் தள்ளி, முழு நிலா வெளிச்சத்தின் அளவு விழும். விழுகிற வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள், இது கால் லக்ஸ்.

பூங்கொடி: அப்போது பௌர்ணமியன்று போங்கள், காசு மிச்சம். தண்ணீர் பட்டால்?

கதிர்வேல்: ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கம் தெளித்தாலும் தாங்கும், மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

பூங்கொடி: விளக்குக்கு ஒன்றும் ஆகாது. மாட்டியிருக்கிற தலைக்கு?

கதிர்வேல்: அதனால்தான் 4 போதும் என்கிறேன். பெட்ஸல் என்று ஒரு பிரெஞ்சு கம்பெனி, 2000இல் கைக்கு அடக்கமாக எல்இடி வைத்து ஒன்று கொண்டுவந்தது. பெயர் டிக்கா.

பூங்கொடி: பன்னீரா, சிக்கனா?

கதிர்வேல்: விளையாடாதே. இப்போது எல்லாமே அந்த மாதிரி சிறிசாகத்தான் வருகிறது. நான் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். காந்திபுரத்தில் ஒரு கடையில். 350 லுமென், குறைத்தால் 6. சிவப்பு உண்டு. டைப்-சியில் சார்ஜ் ஏறும். சார்ஜ் தீர்ந்துவிட்டால் அதே இடத்தில் சின்ன பென்சில் செல் மூன்று போட்டுக்கொள்ளலாம். பைக்குள் அமுங்கித் தானாக எரியாமல் இருக்கப் பூட்டு. பட்டனை மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் கொஞ்சம் கடினமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பூங்கொடி: ஒரு வாரத்தில்.

கதிர்வேல்: பழகிவிடுமாம். எடையும் கம்மி, 86 கிராம். கழுத்து வலிக்காது.

பூங்கொடி: பெட்டியில் போட்டிருந்ததா?

கதிர்வேல்: பெட்டியில் 78 என்றுதான் போட்டிருக்கிறான், பட்டையை விட்டுவிட்டு. ஏமாற்றுக்காரர்கள். நம் தராசில் வைத்தால் 86.

(பூங்கொடி பேனாவை மூடுகிறார். அந்த 'டிக்' சத்தம் நன்றாகக் கேட்கிறது.)

பூங்கொடி: நம் தராசில்?

கதிர்வேல்: நம்... ஊர்த் தராசில்.

பூங்கொடி: ஏனுங்க, ஒரே ஒரு கேள்வி. அந்த விளக்கு இப்போது எங்கே இருக்கிறது?

கதிர்வேல்: கடையில்தான். வேறு எங்கே இருக்கும்?

(வாய் கடையில் என்றது. வெளிச்சம் அங்கே போகவில்லை. மேஜையிலிருந்து கிளம்பி, நாள்காட்டியைத் தாண்டி, சுவரில் ஏறி, பரணுக்குப் போய், மூத்தவள் சீருக்குப் பிறகு யாரும் தொடாத பித்தளை அண்டாவின் வயிற்றில் காசு அளவு வட்டமாக நின்றது. துளிகூட ஆடவில்லை. இந்த ஒரு வேலைக்கு ஜூம் விளக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை.)

பூங்கொடி: அண்டாவில் என்ன?

கதிர்வேல்: பல்லி. பல்லியைப் பார்த்தேன்.

பூங்கொடி: ஸ்டூலை எடுங்கள்.

(ஸ்டூல் வருகிறது. அண்டாவிலிருந்து ஒரு பெட்டி வருகிறது. பெட்டிக்குள் விளக்கு, சார்ஜ் ஒயர், மடித்த பில். பூங்கொடி விளக்கை நெற்றியில் மாட்டிப் பட்டையை இழுத்துச் சரிசெய்கிறார். பட்டனை அமுக்குகிறார். எரியவில்லை. மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்கிறார். எரிகிறது.)

பூங்கொடி: பேப்பர் முழுக்கத் தெரிகிறது. ஓரம் வரைக்கும்.

கதிர்வேல்: பார்த்தாயா? சொன்னேனில்லையா? உனக்காகத்தான், ஆயுத பூஜைக்குத் தரலாம் என்று...

பூங்கொடி: சரி. பில்லைக் கொடுங்கள்.

கதிர்வேல்: வெள்ளையில் படிக்காதே. இவ்வளவு நேரம் இருட்டில் பழகிய கண், கெட்டுவிடும். சிவப்புக்கு மாற்றிக்கொள். இரண்டு தடவை அமுக்கு.

பூங்கொடி: (மாற்றிக்கொண்டு) தேதி, மார்ச் 12. சாமான் பெயர் இருக்கிறது. கடை முத்திரை இருக்கிறது. விலை எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

கதிர்வேல்: மறந்திருப்பார். வயதானவர்.

பூங்கொடி: கையெழுத்துப் போட மறக்கவில்லையே.

கதிர்வேல்: கை பழக்கம்.

(பூங்கொடி பில்லைப் பார்க்கிறார். மேஜைமேல் கிடக்கும் தன் பேனாவைப் பார்க்கிறார். பட்டனை ஒரு தடவை அமுக்குகிறார். அறை வெள்ளையாகிறது.)

பூங்கொடி: இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது. சிவப்பு மையில், வட்டம் போட்டு.

கதிர்வேல்: நான்தான் அப்போதே சொன்னேனே, சிவப்பு வெளிச்சம்தான் கண்ணுக்கு நல்லது என்று.