அபராதத்தை உயர்த்தினால் போதுமா?

வாகனம் ஓட்டும்போது கைபேசி பேசுவோருக்கு அபராதத்தை இன்னும் உயர்த்த வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இருக்கிற சட்டமே கடுமையானதுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு, கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதலாகவே கருதுகிறது. முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், ஓராண்டு வரை சிறைக்கும் அனுப்பலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய். இதற்கு மேல் என்ன உயர்த்துவது?

காவலர் நிற்கும் சிக்னல் வரை கழுத்து நேராக இருக்கிறது. தாண்டியதும் கைபேசி ஹெல்மெட்டுக்குள் செருகப்பட்டு, தலை தோளோடு சாய்ந்துவிடுகிறது. கையில் பிடிக்கவில்லையே என்று வாதம் வேறு!

வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்று 2020இல் விதி தளர்த்தப்பட்டது. நியாயம்தான். ஆனால் உணவு கொண்டுபோகும் பையனுக்கு ஓடும் வண்டியிலேயே அடுத்த ஆர்டர் வந்து விழுகிறது; யோசிக்க நேரமில்லை, உடனே தொட்டாக வேண்டும். அபராதம் மட்டும் அவன் தலையில். வண்டி நிற்கும் வரை ஆர்டர் அனுப்பாதே என்று அந்த நிறுவனங்களுக்கு உத்தரவிட அரசுக்கு என்ன தயக்கம்?