தண்ணீர் தூக்கிய கேப்டன்

பிரான்ஸுக்குக் கேப்டனாகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த டிடியே டெஷாம் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் கால்பந்து நண்பர்கள் வட்டத்தில் ஒரே பல்லவிதான். "அவருக்கு அதிர்ஷ்டம்பா. கையில் எம்பாப்பே மாதிரி கோல் அடிக்கிற நட்சத்திரம் இருந்தால் யார் வேண்டுமானாலும் கோப்பை வாங்கலாம்." போன வாரமும் இதே வாக்குவாதம். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996இல் இன்னொரு பிரெஞ்சு ஆட்டக்காரர் எரிக் கான்டோனா அவரைத் 'தண்ணீர் சுமப்பவர்' என்றார். இப்படிப்பட்ட ஆட்கள் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள் என்றும் சொன்னார். எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, பக்கத்தில் நிற்கும் திறமைசாலியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிற ஆள் என்று அர்த்தம். மட்டம் தட்டத்தான் சொன்னார். பிரெஞ்சுப் பத்திரிகைகள் அந்தப் பட்டத்தை இன்றுவரை விடவில்லை.

எனக்கு அது மட்டம் தட்டலாகப் படவே இல்லை. பள்ளி அணியில் நானும் அதே இடத்தில், தடுப்பாட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று ஆடியவன். அங்கே நிற்கிறவனுக்குத்தான் மொத்த மைதானமும் கண்ணில் படும். எங்கே ஓட்டை விழப்போகிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் கோபத்தில் தப்புப் பண்ணப்போகிறான் எல்லாம் தெரியும். டெஷாம் பயிற்சியாளராகச் செய்த நல்ல காரியங்கள் அத்தனையும் அந்த இடத்தில் நின்று பழகிய கண்ணால் பார்த்துச் செய்தவைதான். நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

டெஷாம், பிரான்ஸின் பாஸ்க் பகுதியில் இருக்கும் பயோன் ஊர்க்காரர். 1983இல், பதினான்கு வயதில், வீட்டைவிட்டு நான்ட் கிளப்பின் பயிற்சி மையத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் கூட்டாளி மார்செல் டெசாயி. 1984 நவம்பரில் டெசாயியின் அண்ணன், அதே கிளப்பின் வீரர் சேத் அடொன்கோர், கார் விபத்தில் இறந்துபோனார். அந்தச் செய்தியை டெசாயியிடம் போய்ச் சொல்லும் பொறுப்பு டெஷாம் தலையில் விழுந்தது. இரண்டு பேருக்கும் பதினாறு வயது. பெரியவர்களே தயங்குகிற வேலையை அந்தப் பையனை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து டெஷாமின் சொந்த அண்ணனும் விமான விபத்தில் போய்விட்டார். அந்த மனிதரின் முகத்தில் எப்போதும் இருக்கும் இறுக்கத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

அப்புறம் வந்த கோப்பைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1993இல் பிரான்ஸின் மார்செய் கிளப் கேப்டனாக, 24 வயதில், மியூனிக்கில் இத்தாலியின் மிலனை 1-0 என வென்று, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக். 1996இல் இத்தாலியின் யுவென்டஸ் கிளப்போடு இன்னொன்று. 1998இல் பிரான்ஸோடு உலகக் கோப்பை, 2000இல் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பை, இரண்டிலும் கேப்டன். 1998 இறுதிப்போட்டி நம் நேரத்துக்கு இரவு 12.30 மணிக்கு. வீட்டில் எல்லோரும் தூங்க, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். பிரான்ஸின் நட்சத்திரம் ஜிடேன் தலையால் முட்டிய இரண்டு கோலும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பது அவருக்குப் பின்னால், ஒரு கையை நீட்டி யாரையோ இடம் மாறி நிற்கச் சொல்லிக்கொண்டே ஓடிய டெஷாமின் 7ஆம் நம்பர் சட்டை.

2001இல் பூட்ஸைக் கழற்றினார். உடனே மொனாக்கோவில் பயிற்சியாளர். 2004இல் அந்தச் சின்ன கிளப், காலிறுதியில் ரியால் மாட்ரிட்டை வெளியேற்றி, சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை போனது. அங்கே மொரின்யோ பயிற்சி கொடுத்த போர்ட்டோவிடம் 3-0 தோல்வி. அதற்கடுத்து அவர் எடுத்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2006இல் ஆட்ட மோசடி வழக்கில் யுவென்டஸை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளினார்கள். கிளப் வரலாற்றிலேயே முதல் முறை. பதினேழு புள்ளி கழிவோடு தொடங்க வேண்டும் (பிறகுதான் அதை ஒன்பதாகக் குறைத்தார்கள்). புஃபோன், டெல் பியரோ, நெட்வெட் போன்றவர்களைச் சின்னச் சின்ன ஊர் மைதானங்களுக்குக் கூட்டிப்போய் ஆடவைக்க வேண்டும். பெயரைக் கெடுத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு, ஆனாலும் ஏற்றுக்கொண்டார். ஒரே சீசனில் முதல் பிரிவுக்கு மீண்டும் ஏற்றிவிட்டு, நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் விலகிவிட்டார். பிறகு மார்செய்க்கு வந்து 2010இல் லீக் பட்டம், அந்த ஊருக்கு 18 வருடங்கள் கழித்து.

2012இல் பிரான்ஸ் அணி அவர் கைக்கு வந்தபோது அதை யாரும் பரிசாக நினைத்திருக்க முடியாது. 2010 உலகக் கோப்பையில் வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்து பஸ்ஸிலேயே உட்கார்ந்த அவமானம் இன்னும் ஆறாத காலம். 2013 நவம்பரில், அடுத்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெற ஆடிய பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில் உக்ரைனிடம் 2-0 தோல்வி. நான்கு நாள் கழித்து பாரிஸ் பக்கத்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அணியில் ஐந்து பேரை மாற்றி இறக்கினார். 3-0. இரண்டு கோல் அடித்தவர் தடுப்பாட்டக்காரர் மமது சாக்கோ. அன்று தோற்றிருந்தால் 2018 வரை அவர் இருந்திருக்கவே மாட்டார் என்பது என் எண்ணம்.

சரி, 2018 உலகக் கோப்பைக்கு வருவோம். முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை 2-1 எனத் தட்டுத்தடுமாறி வென்றார்கள். அடுத்த ஆட்டத்தில் நடுக்கள வீரர் மத்துய்தியை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தார். அவர் ஓரத்தில் ஓடித் தாக்குகிற விங்கரே இல்லை, ஓடி ஓடிப் பந்து பறிக்கிறவர். எம்பாப்பே வலப்பக்கம் கவலையில்லாமல் பறப்பதற்காக இடப்பக்கம் ஒருவர் பாரம் சுமந்தார். முன்னால், கோல் அடிக்க வேண்டிய இடத்தில் ஜிரூ. ஏழு ஆட்டத்திலும் கோல் வலையை நோக்கி ஒரு ஷாட்கூட இல்லை என்று உலகமே பேசியது. ஆனால் அவர் முதுகால் எதிரணியின் இரண்டு பேரைத் தாங்கி நின்றதால்தான் கூட ஆடிய கிரீஸ்மானுக்கு இடம் கிடைத்தது. இறுதிப்போட்டியில் கான்டேக்கு உடம்பு சரியில்லை. 55ஆவது நிமிடமே வெளியே எடுத்துவிட்டார். அணியின் செல்லப்பிள்ளை அவர், அதுவும் டெஷாம் ஆடிய அதே இடத்தில் ஆடுகிறவர். தயக்கமே இல்லை. குரோஷியாவை 4-2 என வென்றபோது, ஆடியும் பயிற்சி கொடுத்தும் உலகக் கோப்பை வென்ற மூன்றாவது மனிதர் ஆனார். முந்தைய இருவர் சகாலோ, பெக்கன்பவர்.

எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். 2021இல் நடந்த யூரோவில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக 3-1 என முன்னிலையில் இருந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் கோட்டைவிட்டு பெனால்டியில் தோற்றதற்கு அவரும் பொறுப்பு. 2024 யூரோவில் அரையிறுதிவரை போனார்கள். அதுவரை கிடைத்த கோல்கள், எதிரணி போட்டுக்கொண்ட சேம்சைடு கோல் இரண்டு, பெனால்டி ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. அத்தனை திறமையை வைத்துக்கொண்டு அப்படி ஆடியது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஆனால் 2022 உலகக் கோப்பை இறுதிப்போட்டியை நினைத்துப் பாருங்கள். அர்ஜென்டினா 2-0. பிரான்ஸ் ஆடவே இல்லை. மற்ற பயிற்சியாளர் யாராக இருந்தாலும் இடைவேளைக்குக் காத்திருப்பார். இவர் 41ஆவது நிமிடத்திலேயே ஜிரூவையும் டெம்பெலேவையும் வெளியே கூப்பிட்டார். ஜிரூ அப்போது பிரான்ஸுக்காக அதிக கோல் அடித்தவர், 2018இல் இவர் உலகத்தையே எதிர்த்துக் காப்பாற்றிய ஆள். உள்ளே போனவர்கள் கோலோ முவானியும் மார்கஸ் துராமும். 80ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டி, கோலோ முவானியைக் கீழே தள்ளியதற்கு. அடுத்த நிமிடமே எம்பாப்பே அடித்த கோலுக்குப் பந்தைக் கொடுத்தது துராம். எக்ஸ்ட்ரா டைம் முடிவில் 3-3. பெனால்டியில் கோப்பை கைவிட்டுப் போனது.

கடைசியில் டெஷாம் மைதானத்துக்குள் நடந்து, தன் வீரர்கள் ஒவ்வொருவரிடமாகப் போனார். நான் டிவியை அணைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.