டிகாக்சின் நாடித்துடிப்பைக் கூட்டாது

டிகாக்சின் இதயத்தைத் தூண்டும் மருந்து, ஆகவே நாடி மெதுவாக இருப்பவர்களுக்கு அது துடிப்பைக் கூட்டும் என்று மேலே ஒரு கருத்து வந்திருக்கிறது. சிலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். முதல் பாதி சரிதான். இரண்டாம் பாதி அப்படியே தலைகீழ்.

டிகாக்சின் கூட்டுவது துடிப்பின் வலுவை, வேகத்தை அல்ல. இதயத் தசைச் செல்களில், சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பை அது தடுக்கிறது. உள்ளே கால்சியம் கூடி, தசை இன்னும் அழுத்தமாகச் சுருங்குகிறது. அதே நேரம், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு வழியாக, மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்பைத் தாமதப்படுத்துகிறது. மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் வேகத்தைக் குறைக்க இதைக் கொடுப்பது அதனால்தான். இதயச் செயலிழப்பிலும் சிலருக்குக் கொடுப்பதுண்டு. குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை. இதயத்தைத் தூண்டும் இன்னொரு பொருளான அட்ரினலின் வலுவோடு வேகத்தையும் கூட்டும்; டிகாக்சினும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சரிபார்ப்பது எளிது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பக்கவிளைவுகளைப் பாருங்கள்: இதயத்துடிப்பு மெதுவாவது அதில் இருக்கும். வார்டில் இந்த மாத்திரையைக் கொடுக்கும் முன் செவிலியர் ஒரு நிமிடம் முழுக்க நாடி பார்ப்பார்; பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் பொதுவாக மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேட்பார். ஏற்கெனவே நாடி குறைந்தவர் தானாக வாங்கிச் சாப்பிட்டால் அது இன்னும் இறங்கும்.